சாவகாசமாக எழுதலாம்

அலுவலகத்தில் அவரை மினிமம் என்று கூப்பிட்டார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவரும் கோபித்துக்கொள்ளாமல், பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தைவிட இந்தப் பட்டமே பொருத்தம் என்பதுபோல ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு என்ன வேலை என்பது அவருடைய மாமியாருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "மாப்பிள்ளை லைப்ரரி வெச்சிருக்கார்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கேட்டே விட்டார்.

மினிமம் வைத்திருந்தது சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்தாளும் கட்டளைத் தொகுப்பு. மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டரில் முதலில் கண்விழிப்பது ஃபர்ம்வேர். அது வழக்கமாக ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற பெரிய மனிதரை எழுப்பும். அவர் கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, எழுந்து வந்து உட்காருவதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். மினிமத்தின் லைப்ரரியை வைத்து எழுதிய புரோகிராம்களுக்கு அந்தப் பெரிய மனிதர் தேவையே இல்லை. ஃபர்ம்வேர் நேராக அவற்றை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். திரையில் எழுத்து போடுவது, பட்டனை அழுத்தினால் கவனிப்பது, கொஞ்சம் நினைவகம் எடுத்துக்கொடுப்பது. இவ்வளவுதான் லைப்ரரி.

"வேற என்னதான் சார் இருக்கு இதுல?" என்று யாராவது கேட்டால், "வேற ஒண்ணும் இல்லைங்கறதுதான் இதுல இருக்கு" என்பார்.

லைப்ரரியை அவரும் அவர் மனைவியும் எதிரெதிர் மேஜைகளில் உட்கார்ந்து எழுதினார்கள். திரை அவருடையது, நினைவகம் அவளுடையது. வீட்டில் எப்படியோ, இங்கே எல்லைத் தகராறு வந்ததில்லை. நினைவகம் கேட்டால் கொடுக்கும் பகுதியை அவள் அழகாக எழுதினாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் பகுதிக்கு 'விடு' என்று பெயர் வைத்து, உள்ளே ஒரே ஒரு குறிப்பு எழுதினாள்: "இப்போதைக்கு ஒன்றும் செய்யாது. சாவகாசமாக எழுதலாம்."

அது சோம்பேறித்தனம் இல்லை. தொழிற்சாலையில் டோக்கன் மெஷின்களைச் சோதிக்கும் சின்ன புரோகிராமுக்காகத்தான் லைப்ரரியே பிறந்தது. திரை எரிகிறதா, பட்டன் வேலை செய்கிறதா, சீட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு அது அணைந்துவிடும். ஒரு நிமிடம் தங்கப்போகிற விருந்தாளியிடம் போர்வையை மடித்துவைக்கச் சொல்வார்களா?

அந்தச் சாவகாசம் வரவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எதிர் மேஜையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

புரோகிராமில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று ஓரத்தில் பெயர் காட்டும் வசதி ஒன்று உண்டு. யார் குழப்பினார்கள் என்று கண்டுபிடித்துத் திட்டுவதற்காக உலகமே பயன்படுத்துவது அது. மினிமம் மட்டும் காலையில் வந்ததும் அதைத் திறந்து, 'விடு'வின் ஓரத்தில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு மூடுவார். வரியைத் தொட்டால் தொட்டவர் பெயர் வந்துவிடும். அதனால் அவர் தொடவில்லை.

இந்த நிலையில்தான் முதலாளிக்கு ஞானோதயம் ஆயிற்று. "சுவிட்ச் போட்டதும் டக்குனு வருதே! இதையே மெஷினுக்குள்ள வெச்சு வித்துடலாமே!" சோதனை புரோகிராமே சரக்காகிவிட்டது. ஒரு நிமிட விருந்தாளி குடித்தனம் வந்துவிட்டார்.

முதல் மெஷின் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரிக்குப் போனது. ஒவ்வொரு டோக்கனும் கொஞ்சம் நினைவகம் எடுத்தது, எதுவும் திரும்பவில்லை. சில நாட்களில் மெஷின் விறைத்து நின்றது. வரவேற்பு மேஜைக்காரம்மா போன் செய்தார்.

"சார், உங்க மெஷின் மறுபடியும் தவத்துல உட்கார்ந்துடுச்சு."

"அப்பப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா."

"பண்ணினா டோக்கன் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்குது. நாப்பதாவது ஆளும் முதல் ஆளும் சண்டை போடறாங்க. நீங்க வந்து விலக்கிவிடறீங்களா?"

'விடு'வை எழுதினால் தீர்ந்தது. அது மினிமத்துக்கும் தெரியும். ஆனால் அவர் வேறு வழி பார்த்தார். மற்ற இடத்தையெல்லாம் பிடுங்கி நினைவகத்தில் சேர்த்தார். படம் காட்டும் பகுதி போயிற்று. பிறகு எழுத்துருவில் கைவைத்தார். சோதனைத் திரைகளில் வராத எழுத்துகள் எதற்கு என்று சிலவற்றை நீக்கினார். தெரியாத எழுத்து வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப்போவது லைப்ரரியின் பழக்கம். இல்லாத ஒன்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை.

நீக்கியவற்றில் 'த்' என்ற எழுத்தும் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரித் திரையில் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்பது "தயவுசெய்து காதிருக்கவும்" என்று வந்தது. காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் படித்தார்கள். ஒரு பெரியவர் மேஜைக்கு வந்து, "இருக்குதும்மா, ரெண்டும் இருக்கு. கேக்கத்தான் மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள சரியாகணும். இல்லேன்னா உங்க லைப்ரரியை மொத்தமா தூக்கிட்டு, பெருசா ஒண்ணு போட்டுடலாம்" என்றார். அவருக்கு எதுவும் பெரிதாக இருந்தால் பிடிக்கும்.

மொத்தமாகத் தூக்கினால் அவள் எழுதிய அத்தனை வரிகளும் போகும். ஒரு வரியைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் தூக்கிக்கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார் மினிமம். படித்தவர் அல்லவா.

புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கணவன் மனைவி இருவருடனும் வேலை பார்த்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"சார், எழுத்தையெல்லாம் வெட்டிட்டீங்க. அடுத்து என்ன, எண்ணா? ஏழு வேணாம், எட்டு போதும்னு சொல்லுவீங்களா?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"யோசிக்க ஒண்ணும் இல்ல. 'விடு'வை எழுதுங்க."

"அது அவ எழுதினது."

"அவங்க என்ன எழுதியிருக்காங்க? வாசிங்க பார்ப்போம்."

அவளே திரையைப் பார்த்து வாசித்தாள். "'சாவகாசமாக எழுதலாம்.' தொடாதேன்னா எழுதியிருக்காங்க? நான் எழுதறேன்னுகூட இல்லையே. எழுதலாம்னா யார் யாரு சார்? எதிர்ல உட்கார்ந்திருந்தவரும் சேர்த்திதானே?"

மினிமம் பிரிண்டரைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

"இதைவிட என்ன சாவகாசம் வேணும் உங்களுக்கு?" என்றாள், இந்த முறை குரலைத் தாழ்த்தி.

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரும்பி வரும் துண்டை வாங்கி, பக்கத்தில் காலியாக இருப்பதோடு சேர்த்து, அடுத்துக் கேட்பவருக்கு வைத்துக்கொள்வது. ஆனால் இனி "ஒன்றும் செய்யாது" என்பது பொய். பொய் சொல்லும் குறிப்பு இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் அவர். ஓரத்தில் அவள் பெயரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவளுடைய வரியை அழித்தார். ஓரத்தில் அவர் பெயர் வந்தது. மேலே, நினைவகத்தைக் கொடுக்கும் பகுதி முழுக்க அவள் பெயர் அப்படியே இருந்தது. ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்.

அழித்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை எழுதினார்: "எழுதியாச்சு."

'த்' திரும்பி வந்தது. திங்கட்கிழமை மெஷின் நிற்கவில்லை, அடுத்த திங்கட்கிழமையும் நிற்கவில்லை. முதலாளி தன்னுடைய கண்டிப்பால்தான் காரியம் நடந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

புதிய வரிகளைச் சரிபார்க்கும் வேலை டெஸ்டருக்கு வந்தது. மற்றவர்கள் எழுதியதில் மினிமம் வழக்கமாக எழுதும் கண்டனத்தையே, 'எழுதியாச்சு' என்பதற்கு எதிரே அவளும் எழுதினாள்: "தேவையில்லாத குறிப்பு. நீக்கவும்."

அதற்குக் கீழேயே இன்னொரு வரியும் அவளே எழுதியிருந்தாள்.

"சரி, இருக்கட்டும். விட்டுட்டேன்."