பரிமளா அக்கா காலியாக விட்ட கடைசி இரண்டு வரி

பரிமளா அக்கா இறந்துவிட்டார்.

இன்று காலை திருவேற்காட்டில் கம்பெனி வேன் ஏறியதும் டிரைவர் அண்ணன் சொன்னார். நசரத்பேட்டையில் அக்கா ஏறும் இடத்தில் அவர் தம்பி வந்து நின்றிருந்தாராம். பத்து நாளாகக் காய்ச்சல், லீவு என்றுதான் நினைத்திருந்தோம்...

நான் இங்கே எதுவும் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் போடுவதற்கு லைக் போடுவதோடு சரி. இன்று எழுத வேண்டும்.

மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு சட்டை கம்பெனி. அக்கா செக்கிங், தைத்த சட்டையைப் பார்த்து பாஸ் போடுவது. நான் டிரிம்மிங், அதாவது தைத்து வரும் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவது. பதினெட்டு முடிந்ததும் சேர்ந்தேன். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

அக்காவுக்கு ஒரு நாவல் எழுத வேண்டும் என்று ஆசை.

ஏற்கெனவே ஒன்று எழுதிப் பார்த்திருக்கிறார். லாங் சைஸ் நோட்டில் இருநூறு பக்கம். ஐந்தாம் அத்தியாயத்தில் பையனாக இருந்த குழந்தை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பாவாடை கட்டிக்கொண்டு வந்ததாம். யாருடைய கதை என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டதாம். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அதனால் இந்த முறை முதலில் கதைச் சுருக்கம். சட்டைக்குள் மடித்து வைக்கும் அட்டை இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில் மொத்தக் கதையும் அடங்க வேண்டும். வழியில் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை ஆவதற்குள் வாசித்து முடிக்க வேண்டும். அவருக்கு அவரே வைத்துக்கொண்ட ரூல்.

வேன் நின்றதும் அட்டையை எடுப்பார். பின் சீட்டு வரை அமைதியாகிவிடும்.

கதை இதுதான். ஒரு பெண் வேலையை விட்டுவிடுகிறாள். வீட்டில் சொல்லவில்லை. தினமும் அதே நேரத்துக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புகிறாள். அதே நேரத்துக்குத் திரும்புகிறாள். நடுவில் எங்கே போகிறாள்?

"எங்கதாம்மே போறா? ஆளு எவனாச்சும் கீறானா?" என்பார் தையல் லைன் தனம் அக்கா.

"உனக்கு ஆளு இல்லாம கதையே இல்லையா தனம்?"

"அப்போ கோயில்ல போயி உக்காந்துகினு இருப்பா."

"டெய்லி போனா பூக்காரம்மா கேக்காது? இன்னாம்மா, வேலைக்குப் போலியான்னு?"

அதற்குள் பச்சை விழுந்துவிடும். "கதை பாஸ் ஆவல" என்று சொல்லி அட்டையைக் கிழிப்பார் பரிமளா அக்கா. மறுநாள் புது அட்டை.

கோபமே வராது. "இருநூறு பக்கம் எழுதிட்டு முழிக்கிறதுக்கு, இப்பவே இவளுங்ககிட்ட திட்டு வாங்கிக்கலாம்" என்பார். இத்தனை பேர் முன்னால், பாதிக் கதையை, தினமும்... எனக்கு வேனில் 'ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்க' என்று சொல்லக்கூட வாய் வராது. அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

"ஸ்டேஷன்லக்கா."

"இன்னாது?"

"அந்தப் பொண்ணு. ரயில்வே ஸ்டேஷன்ல உக்காருவா. அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ரயில் வந்தா மட்டும் எழுந்து நிக்கணும். போனதும் வேற பெஞ்சுக்குப் போயிடணும்."

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எந்த ஸ்டேஷன் என்று கேட்கவில்லை. எத்தனை நாள் என்றும் கேட்கவில்லை. தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து என் டப்பாவில் வைத்தார்.

மறுநாள் சிக்னலில் அதையும் சேர்த்து வாசித்தார். யாரும் குறுக்கே பேசவில்லை.

தனம் அக்கா மட்டும், "இன்னா பரிமளா, நெசமா நடந்த மாரியே கீது?" என்றார்.

"எல்லாம் நானே ரோசன பண்ணதுதான்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

வேனிலிருந்து இறங்கும்போது அந்த அட்டையை என் கையில் கொடுத்தார்.

"கடைசி ரெண்டு வரி காலியா வுட்டுகீறேன். ஊட்ல எப்டி தெரிஞ்சிதுன்னு எனக்குத் தெரியல. நீ சொன்னப்பறந்தான் நோட்டுல மொத பக்கம். அவசரம் இல்ல, இன்னா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் வாய் வரவில்லை. அதற்கு மறுநாளும்... அப்புறம் அக்கா வேனில் வரவில்லை.

புது நோட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு வரிகூட இருக்காது.

இப்போது சொல்கிறேன் அக்கா. எல்லோரும் படிக்கட்டும், பரவாயில்லை.

அது ஆவடி ஸ்டேஷன். அப்போது பத்தாவது. கிளாஸில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். எனக்குக் குரலே வராது. பின்னால் சிரிப்பார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அப்புறம் தினமும்.

பதினேழாவது நாள். ரயில் வந்தது, எப்போதும் போல எழுந்து நின்றேன். சரியாக எனக்கு எதிரே நின்ற பெட்டியிலிருந்து அம்மா இறங்கினார். அம்பத்தூரில் வேலை செய்யும் வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பியிருக்கிறார்.

அம்மா திட்டவில்லை. என் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். "இன்னும் துன்னலியா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த ரயில் வந்தது. நான் எழுந்து நிற்கவில்லை.

அவ்வளவுதான் அக்கா. இரண்டு வரியில் அடக்கி அட்டையில் எழுதிவிட்டேன். சாயங்காலம் வேன் எஸ்டேட் சிக்னலில் நின்றபோது முழுக் கதையையும் மனசுக்குள் வாசித்துப் பார்த்தேன். பச்சை விழ இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

கதை பாஸ் அக்கா.

போய் வாங்க...