யோகா அக்காவுக்கு வார்த்த தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை மதியம் சோற்றுக் கோப்பையோடு இருந்தபோது சல்லி ஊரிலிருந்து யோகா அக்காவின் தம்பி அழைத்தான். “யோகாக்கா மோசம் போயிட்டா. மாரடைப்பு” என்றான். நம் படக்குழுவில் எல்லாருக்கும் சட்டை தைத்துக் கொடுத்து, எல்லாரையும் பகிடி பண்ணிச் சிரிக்கவைத்த அதே யோகா அக்கா. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். அவரின் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

யுத்தத்துக்குள் வளரும் ஒரு சிறுமியைப் பற்றிப் படம் எடுக்க, அந்தக் காலத்துச் சட்டைகள் தேவைப்பட்டுத்தான் அவரிடம் போனேன். அளவெடுத்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார்: “நான் பெரியபிள்ளையானதை அம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தங்கச்சி. தெரிஞ்சால் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்ட பயம். சாமத்தியவீடும் இல்லை, தண்ணி வார்ப்பும் இல்லை. குட்டைச் சட்டையோடயே திரிஞ்சனான்.” சிரித்தபடிதான் சொன்னார். அந்தக் கதையையே நான் படமாக்கினேன்.

குச்சவெளியில் கடைசிக் காட்சி. கதைப்படி, ஊரறியாமல் கிணற்றடியில் அந்தச் சிறுமிக்குத் தண்ணீர் வார்க்கிறார்கள். மாமியாக நடித்தவர் யோகா அக்கா. காட்சி முடிந்தது, கமெரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அவரின் அம்மா எழும்பி வந்து, குடத்தில் மிஞ்சிய தண்ணீரை மகளின் தலையில் ஊற்றினார்.

“அம்மா, சீலை நனையுது!”

“நனையட்டும். உனக்குத்தான் இன்னும் வார்க்கேல்லை.”

நாற்பது தாண்டிய மனுசி குனிந்து நின்றார். நெடுநேரம் நிமிரவில்லை. நாம் எல்லாரும் அழுதோம், உங்களுக்கு நினைவிருக்கும்.

படத்தொகுப்பில் அதை வெட்டினேன். கதையோடு ஒட்டவில்லை. வெட்டியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் கோழைத்தனம்.

நகரத்தில் படம் போட்டபோது அக்கா அதே சீலையைக் கட்டி, சொந்தக்காரரையெல்லாம் கூட்டி வந்திருந்தார். படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் அம்மா எழும்பவில்லை. “எங்கட துண்டு இனித்தானே வரும்?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அக்கா என் கையைப் பிடித்தார். “அது படத்துக்குத் தேவையில்லைதானே, தங்கச்சி. விடுங்கோ. நல்லாய்த்தான் எடுத்திருக்கிறீங்கள்.” திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

செத்தவீட்டில் அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தினார். “மகள், அவளுக்குத் தண்ணி வார்த்தது உங்களிட்டப் பத்திரமாய் இருக்குத்தானே? எனக்கு ஒருக்காப் பார்க்கவேணும்.”

அடுத்த படத்துக்கு இடம் போதாமல் அதை நான் எப்போதோ அழித்துவிட்டேன்.

“ஓம் அம்மா, இருக்கு” என்றேன்.

யோகா அக்காவுக்குத் தண்ணீர் வார்த்ததன் நினைவென்று என்னிடம் இருப்பது இந்தப் பொய் ஒன்றுதான். அன்று கிணற்றடியில் நின்ற உங்களில் யாராவது கைத்தொலைபேசியில் அதை எடுத்திருந்தால், தயவுசெய்து தாருங்கள். முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கொண்டுவருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.