சாத்தம் ஜெட்டியில் ஆப் கைவிட்டபோது

இன்று காலை சாத்தம் ஜெட்டியில்...

"இந்த இடத்தில் சேவை இல்லை" என்றது கேப் ஆப்.

ஆப் மாற்றி ஆப் பார்த்தேன். எல்லாம் ஒரே பதில். (அந்தமானுக்கு வந்து கேப் தேடிய முதல் ஆள் நான்தானோ?)

பக்கத்தில் அம்மா. மதுரையில் கிளம்பியதிலிருந்து அவருக்கு ஒரே ஆசை, பவளப்பாறையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நாளை ஊருக்கு ஃப்ளைட். வண்டூரிலிருந்து கிளம்பும் போட்டைத் தவறவிட்டால் அவ்வளவுதான்!

அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் அக்கா, நாங்கள் ஃபெரி ஏறக் கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொன்னாள். ஃபெரியில் கார், ஜீப் எல்லாம் ஏறும், வண்டிக்காரர்களிடம் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டு, கரை வருவதற்குள் வண்டியில் இடம் பேசிவிட வேண்டும், இங்கே அதுதான் வழக்கம் என்று. நான் கேட்டேனா? ஃபெரி முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஃபெரி நின்றதும் வண்டிகள் சரசரவென்று இறங்கிப் போயின. வெளியே நின்ற ஆட்டோக்களும் நிரம்பிவிட்டன.

கடைசியாக இறங்கிய பிக்கப் வண்டி ஒன்று எங்கள் பக்கத்தில் நின்றது. பின்னால் காலி மீன் பெட்டிகள்.

"கிதர் ஜானா?" என்று இந்தியில் கேட்டார் ஓட்டிவந்த பாய்.

"வண்டூர் போகணும்ப்பா" என்று அம்மா தமிழிலேயே சொன்னார்.

பாய் முகம் மலர்ந்துவிட்டது. ராமநாதபுரத்துக் குடும்பமாம், மீன் எடுக்க வண்டூருக்குத்தான் போகிறாராம்!

"ஃபெரியிலயே கேட்டிருக்கலாமேம்மா. சரி, ஜல்தி ஏறுங்க. யாரும் நிக்கிறாங்களான்னு பாக்காம கடைசி வண்டி போவாது."

அம்மா முன் சீட்டில் மகாராணி. நான் பின்னால் பெட்டிகளோடு. (வாசனை இன்னும் போகவில்லை மக்களே!)

போட் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். போட்டின் அடியில் இருந்த கண்ணாடி வழியாகப் பவளம் தெரிந்ததும், அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது பக்கத்து சீட்டில் அம்மாவைக் காணோம். தேடினால், போட்டில் ஒவ்வொருவரிடமும் போய் "கிதர் ஜானா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்!

இதை ஒரு காரின் பின் சீட்டிலிருந்து எழுதுகிறேன். சாத்தம் வரை இடம் கிடைத்துவிட்டது. இவர்கள் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் இந்தி தெரியாது.

ஆனால் அவர்கள் மகளுக்கு மதுரையில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது!