வெண்டெல் உட்கார்ந்த நாற்காலி

அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பதில் வெண்டெலை மிஞ்ச ஆளில்லை. வாயும் அதே அளவுக்கு நீளம். உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த வாய் அடங்கிப்போயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்த நோயின் பேரைக் கேட்டாலே பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போகும்போதுகூட அவன் தன் காப்பிக் கோப்பையைக் கையோடு கொண்டுபோவான். தங்கை கொண்டுவரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு கடைவாய்ப்பல் அவன் உயிரை எடுத்தது. ஒரு பல் டாக்டர், புது ஆட்களைச் சேர்ப்பதில்லை என்று கையை விரித்தார். இன்னொருவர், எல்லோரும் போன பிறகு கடைசி ஆளாக வரச் சொன்னார். போனால், நாற்காலி, விளக்கு, மேசை எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி, தரையில் செய்தித்தாள் வேறு விரித்திருந்தார்கள். இவ்வளவும் செய்த மகாராசன், பல்லைத் தொடாமலேயே மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். படித்த மனிதர்!

மூன்றாவது இடத்தில் காலை பத்து மணிக்கே வரச் சொன்னார்கள். அறை வாசலில் வெண்டெல் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே வெர்னா என்ற உதவியாளர் விளக்கின் கைப்பிடியில் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்காகவா இந்தப் பொட்டலமெல்லாம்?"

"பின்ன எனக்கா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தரையில பேப்பர் விரிக்க மறந்துட்டீங்களே." கழற்றிய கோட்டை மறுபடி மாட்டத் தொடங்கினான்.

இப்போது அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இருங்க. உங்களுக்கு முன்னாடி வெளிய போனாரே, பாதிரியாரு, அவருக்கும் இதேதான். யாருக்கு என்ன இருக்குன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? எல்லாருக்கும் எல்லாமே இருக்குன்னு வெச்சுக்கிட்டுத்தான் நாங்க வேலை பாக்குறோம்."

"வாயால சொல்றதுக்கு என்ன?"

"நம்பாதீங்க. பல்லைப் பிடுங்கினதும் இதே வாசல்ல நின்னு பாருங்க. இப்ப வந்து உக்காருங்க சார், கன்னம் பூசணிக்கா மாதிரி இருக்கு."

வலிதான் அவனை உட்கார வைத்தது. டாக்டரம்மா வந்து, அவன் தாடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்கித் தையல் போட்டார். அவனை அப்படி ஒருவர் பிடித்து எத்தனையோ காலமாகிவிட்டது.

வாய் நிறையப் பஞ்சோடு வெண்டெல் வாசலில் போய் நின்றான். தனக்குப் பிறகு நிச்சயம் கூடுதலாக எதையாவது தேய்ப்பார்கள் என்று காத்திருந்தான். வெர்னா பிளாஸ்டிக்கை உரித்துக் குப்பையில் போட்டாள். கருவிகளை நீராவி இயந்திரத்துக்கு அனுப்பினாள். நாற்காலியைக் கிருமிநாசினியால் துடைத்து, அந்த ஈரம் தன் வேலையை முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். கையுறையைக் கழற்றிக் கை கழுவி, புதுசு மாட்டி, புது பிளாஸ்டிக்கைச் சுற்றினாள். அவசரமில்லை, அருவருப்புமில்லை.

"உள்ள வாம்மா, கேரின்!"

முன்பல் ஆடும் ஒரு சின்னப் பெண் முயல் பொம்மையோடு ஓடிவந்து, அவன் உட்கார்ந்த அதே நாற்காலியில் ஏறிப் படுத்தாள். வெர்னா அவள் கண்முன்னே, ஒட்டியிருந்த உறையைப் பிரித்துக் கருவிகளை எடுத்து வைத்தாள். அவனுக்கும் அப்படித்தான் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண்ணின் அம்மா நிம்மதியாகப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள்.

வெண்டெல் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். பாதிரியார், அவன், இந்தக் குழந்தை, மூவருக்கும் ஒரே துடைப்பு, ஒரே பிளாஸ்டிக். தேவாலயத்தில்கூட அவனுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை.

"இன்னும் போகலையா? இன்னொரு பல்லும் பிடுங்கணுமா?" என்றாள் வெர்னா. "தையலைப் பாக்கணும், திங்கக்கிழமை வாங்க. காலையில, முதல் ஆளா."

பஞ்சு அடைத்த வாயால் என்ன பேசுவது? தலையை மட்டும் பலமாக ஆட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெண்டெல் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போனான். அலமாரியைத் திறந்து அவர்கள் வீட்டுக் கோப்பை ஒன்றை எடுத்து நீட்டினான். தங்கை ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு அதில் காப்பியை ஊற்றினாள்.