பக்கத்து அலைவரிசையில் கேட்ட குரல்

செங்கம் சாலை வீட்டின் மாடி அறையில் அனுபமா ரேடியோ பெட்டிகளைத் தானே செய்துவந்தாள். கல்லூரியில் இயற்பியல் நடத்துபவள். சொந்த ரேடியோவில் வெளியூர்களோடு பேச உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோக்காரி. அந்தப் பைத்தியம் அவள் கணவன் வீரேந்திரனுக்கும் தொற்றிக்கொண்டது.

புயல் மழையில் செல்போன்கள் செத்துப்போன அன்று, முகாம்களின் தேவைகளை வேலூர் நிவாரண மையத்துக்குச் சொல்லும் வேலை அவளுக்கு. வீரேந்திரன் சின்ன ரேடியோவோடு கீழ்பென்னாத்தூர் பக்கம் போயிருந்தான். அங்கே நிவாரண வேலையில் இருந்த இன்னொரு ஹாம் ரேடியோக்காரர் சுப்பிரமணியின் குழு பக்கத்து அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தது.

கரண்ட் இல்லை. குரலைப் பெருக்கி ஏரியலுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. பேசாத நேரத்திலும் அதற்குள் கொஞ்சம் மின்சாரம் ஓட வேண்டும். அப்போதுதான் உள்ளே போன குரல் மாறாமல் வெளியே வரும். சூடாகியே பாதி வீணாகிறதே என்று அனுபமா அந்த ஓட்டத்தைத் திருகிக் குறைத்தாள். பவர் குறையாதிருக்க மைக்கின் ஒலி அளவை ஏற்றினாள். பெட்டியின் சூடு தணிந்தது.

"குரல் கரகரன்னு இருக்குது, ஆனா பவர் ஜாஸ்தி" என்றார் வேலூர்க்காரர்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. அரிசி, பால், போர்வை என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது சுப்பிரமணி அவள் அலைவரிசைக்கே வந்து கத்தினார்.

"மேடம், பேசாதீங்க! உங்க குரல் எங்க சேனல் பூரா சிதறுது. யாரோ கூப்பிடறாங்க, ஒண்ணும் புரியல. வீரேந்திரன் சார்னு நெனைக்கறேன்."

அனுபமா ரிசீவரைப் பக்கத்து அலைவரிசைக்குத் திருப்பினாள்.

"…மோட்டார் கொட்டாய் மேல நிக்கறேன். ஏரி ஒடைஞ்சிடுச்சு. தண்ணி ஏறுது…"

அவன்தான்.

மீட்புப் படகை வேலூர் வழியாகத்தான் கேட்க முடியும். ஓட்டத்தைக் குறைத்ததால் சிதைந்த குரல் பக்கத்து அலைவரிசைக்கும் வழிகிறது; அவள் பேசினால் அவன் குரல் அமுங்கும். ஓட்டத்தைப் பழையபடி ஏற்றினாள், மைக்கின் ஒலி அளவைத் தாழ்த்தினாள், காரின் பேட்டரியைக் கழற்றி வந்து சேர்த்துப் பூட்டினாள். பெட்டி மறுபடி கொதித்தது.

"என்ன மேடம், சன்னமாயிடுச்சே?" என்றார் வேலூர்க்காரர்.

"புரியுதுங்களா? அது போதும். கீழ்பென்னாத்தூருக்குப் படகு அனுப்புங்க."

இந்த முறை சுப்பிரமணிக்கு இரண்டு குரலும் தனித்தனியாகக் கேட்டன. வீரேந்திரன் நின்ற இடத்தைக் கேட்டு, படகுக்கு வழி சொன்னார்.

மாலையில் வீரேந்திரன் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து கூப்பிட்டீங்க?"

"தண்ணி முழங்காலுக்கு வந்தப்பவே. ரேடியோல நீதான் இருந்த, அனு. வார்த்தை புரியல, உன் குரல்னு மட்டும் தெரிஞ்சுது. எப்போ நிறுத்துவன்னு கேட்டுக்கினே நின்னேன்."