காம்பில் கட்டிய நூல்

மாட்டுங்காவில் நான் குமாஸ்தாவாக இருந்த பருத்தி ஆய்வுக்கூடத்துக்கு அவள் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தாள். தாராவிப் பெண். வளையல் போடமாட்டாள், மணிக்கட்டில் சிவப்பு நூலைச் சுற்றியிருப்பாள். மாடித் தொட்டிச் செடியில் பூ மலர்ந்தால், அன்றே தேதி எழுதிய சீட்டை அந்த நூலால் காம்பில் கட்டுவாள். காய்க்குள் பஞ்சிழை வளரும்போது அதன் செல் சுவரில் எந்தப் புரதம் எத்தனையாவது நாளில் வருகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளில், மாடி சுத்தமாக இருக்கட்டும் என்று சீட்டுகளையெல்லாம் நான்தான் கத்தரித்து எறிந்தேன்.

மறுநாள் மத்தியானம் அவள் ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரே பச்சை.

"எது எத்தன நாள் காய்னு இனி தெரியாதே சார்."

"தப்புதாம்மா. குப்பைன்னு நெனச்சுட்டேன்."

"சொல்லாம விட்டது என் தப்பு சார். செடி திரும்பப் பூக்கும்லா, மொதல்லருந்து கட்டிக்கிடுதேன்."

தலையாட்டினேன். அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்ற கடிதத்தை அன்று காலைதான் டைப் அடித்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் அவள் புது நூல்கண்டு வாங்கி வந்து, என் மேஜையிலிருந்த கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.