கூரையைப் பிடுங்கிய கங்காணி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மெலிந்த மனிதர். வெற்றிலைக் கறை படிந்த பல், முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டை. வருஷக் கடைசியில் கேமரன் மலையில் காற்றும் மழையும் பேயாட்டம் போடும். தீபாவளிக்குள் ஒவ்வொரு வீட்டுத் தகரக் கூரையிலும் பழைய லோரி டயர்களை ஏற்றிக் கட்டிவிட வேண்டும். அவர் கவாத்துக் கத்தியின் பிடியால் கூரைகளைத் தட்டிக்கொண்டே, வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றுவார். கட்டாத வீட்டில், ஆடுகிற தகரத்தை அவரே பிடுங்கிவிடுவார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் என் பக்கத்து வீட்டுப் பெண் கட்டவில்லை. கணவன் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் இடுப்பில் கைக்குழந்தை.

“ரெண்டு நாள் பொறுங்க கங்காணி. அவரு வந்துடுவாரு.”

“காத்துக்கிட்ட போயி சொல்லுலா. அது பொறுக்குதான்னு பாப்போம்.”

“பச்சப்புள்ள நனையுங்க.”

“நனைஞ்சா தொடச்சுக்க. தகரம் பறந்து எவன் கழுத்தையாவது அறுத்தா யாரு ஒட்டவைக்கிறது?”

இரண்டு தகரங்களைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே புயல்காற்று வந்தது. பக்கத்து லயத்தில் பறந்த தகரம் ஒருவர் கையை வெட்டிப்போட்டது. எங்கள் லயத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் அவளை என் வீட்டுக்கு அழைத்து வருவதற்குள் தாயும் பிள்ளையும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, அந்த வாரமே இறந்துபோனது.

புதைத்துவிட்டு வந்த அன்றே கங்காணி தகரங்களையும் டயர்களையும் கொண்டுவந்து, மேலேறி ஆணி அடித்தார். காற்று இன்னும் அடங்கவில்லை. ஏணி சரியாமல் கீழே பிடித்துக்கொண்டு நின்றவள் அந்தப் பெண்தான். விட்டுவிடுவாளோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.